அடைவில் விடுபட்ட இடைச்சொற்கள்

அரபுக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் அண்மையில் ஒரு மாணவரைச் சந்தித்தோம். உளூவில் தலையைத் தடவுவது பற்றிய சட்டத்துக்கு ஆதாரம் தேடிக்கொண்டிருந்தார். கணினியில் குர்ஆனின் மூலம் திறந்திருந்தது. தலை என்று பொருள்படும் ‘ரஃஸ்’ என்னும் சொல்லைத் தட்டச்சு செய்தார்; எந்திரம் சில வசனங்களைத் தந்தது. உளூவைப் பற்றிய வசனம் மட்டும் அவற்றில் இல்லை. மாணவர் திகைத்தார். அந்த வசனத்தை அவர் மனனம் செய்தவர். அது அல்மாயிதா அத்தியாயத்தின் ஆறாம் வசனம் என்பதையும் அறிந்தவர். ஆனாலும் ஒரு கணம் தம் நினைவையே ஐயுற்றார். ‘தேடிப் பார்த்தேன், இல்லை’ என்னும் சொல் இன்று நம்மிடையே பெற்றுள்ள செல்வாக்கு அத்தகையது.

நடந்தது எளிய செயல்தான். அந்த வசனத்தில் ‘ரஃஸ்’ ஒருமையில் வரவில்லை. ‘ருஊஸ்’ என்று பன்மையாக உருமாறி வருகிறது. முன்னால் ‘பா’ என்னும் எழுத்து ஒட்டியிருக்கிறது. பின்னால் ‘உங்கள்’ எனப் பொருள்படும் ‘கும்’ ஒட்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, ஹம்ஸா எழுத்தை உஸ்மானிய எழுத்துமுறை இருத்தும் விதமும் நாம் அன்றாடம் எழுதும் விதமும் வேறு. எழுத்துச் சரங்களை மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கும் எந்திரத்துக்கு இது முற்றிலும் அந்நியமான சொல். பக்கத்து அலமாரியில் இருந்த முஹம்மத் ஃபுஆத் அப்துல் பாகீயின் சொல்லடைவை எடுத்து, ரா-ஹம்ஸா-ஸீன் என்னும் வேரின் கீழ் பார்த்தபோது வசனம் உடனே கிடைத்தது. கெய்ரோவில் 1945-இல் வெளிவந்த, கையால் தொகுக்கப்பட்ட நூல் அது.

நூல் வென்றது, எந்திரம் தோற்றது என்று கூற நாம் இதைச் சொல்லவில்லை. ஏனெனில் மாணவரின் அடுத்த கேள்விக்கு நூலும் வாய்திறக்கவில்லை. அவர் உண்மையில் தேடியது தலையை அன்று. தலைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் ‘பா’வை.

அந்த ஓரெழுத்தின் எடை நம் வாசகர் அறியாததன்று. தலையின் மிகச் சிறிய பகுதியைத் தடவினாலும் கடமை நிறைவேறும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. கால் பங்கு வேண்டும் என்பது ஹனஃபீ மத்ஹபு. முழுத் தலையையும் தடவ வேண்டும் என்பது மாலிகீ மத்ஹபும், ஹன்பலீ மத்ஹபின் பிரபலமான கருத்தும். தமிழகத்தின் கடற்கரை ஊர்களிலும் உள்நாட்டு ஊர்களிலும் ஒரே பள்ளியில் அருகருகே அமர்ந்து உளூச் செய்வோரின் கைகள் வெவ்வேறாக இயங்குவதற்குப் பின்னால், ஹதீஸ் சான்றுகளோடு, அந்த எழுத்தும் நிற்கிறது. அது ‘ஒரு பகுதி’ என்னும் பொருளைத் தருமா, அல்லது வெறும் ஒட்டுதலைக் குறிக்குமா? ‘பா’வுக்குப் பகுதிப்பொருள் உண்டு என்பதை இலக்கண மேதை இப்னு ஜின்னீ ஏற்கவில்லை. உண்டு என்போர் சான்று காட்டுவதோ, உளூவோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஓர் இடத்திலிருந்து: அல்இன்ஸான் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தில் நல்லடியார்கள் நீரூற்றிலிருந்து பருகுவதைச் சொல்லுமிடத்தில் வரும் ‘பா’ அது.

வேரை வைத்துத் தேடுவோர் இந்த இரண்டு வசனங்களையும் ஒருசேரக் காண வழியில்லை. ஒன்று தடவுதல், மற்றொன்று பருகுதல். இரண்டையும் இணைப்பது ‘பா’ மட்டுமே. அந்தப் ‘பா’ எந்த அடைவிலும் தலைச்சொல்லாக இல்லையென்றால், விவாதத்தின் மையச் சான்றே அடைவுக்கு வெளியே நிற்கிறது என்று பொருள். தமிழில் ‘தலையைத் தடவுதல்’ என்று இரண்டாம் வேற்றுமையில் பெயர்த்துவிட்டால் அது சுவடின்றி மறைந்தும் போகிறது. மொழிபெயர்ப்பை மட்டும் படிப்பவர், இப்படியொரு விவாதம் ஏன் எழுந்தது என்பதையே உணர இயலாது.

தனித்து நில்லாமல் பெயரையும் வினையையும் சார்ந்து நின்று பொருள் தரும் இவ்வகைச் சொற்களைத் தமிழ் இலக்கணிகள் இடைச்சொல் என்றனர். தொல்காப்பியர் அவற்றுக்குத் தனி இயலே வகுத்தார். அரபு இலக்கணிகள் அவற்றை ஹர்ஃபு என்றனர். சட்டவியலின் மூலக்கோட்பாட்டு நூல்கள் பொருளுணர்த்தும் ஹர்ஃபுகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்கின. ஆனால் அடைவு செய்ய வந்தவர்கள், கையால் செய்தாலும் எந்திரத்தால் செய்தாலும், பெரும்பாலும் முதலில் வெளியேற்றியது இடைச்சொற்களையே. இதுவே இக்கட்டுரையின் குறைகாணல்.

சொற்களை எந்திர ஒழுங்கில் அடுக்கும் எண்ணம் எந்திரத்துக்கு மிகவும் முந்தியது. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸராவின் கலீல் இப்னு அஹ்மத் தம் ‘கிதாபுல் ஐன்’ அகராதியைத் திட்டமிட்டபோது, மக்கள் வழங்கும் சொற்களைக் கேட்டுக் கேட்டுத் தொகுக்கும் வழியை மட்டும் அவர் நம்பவில்லை. மூன்று எழுத்துகளை எடுத்தால் அவற்றை ஆறு விதமாக மாற்றி அடுக்கலாம். நான்கை இருபத்து நான்கு விதமாக, ஐந்தை நூற்று இருபது விதமாக. எல்லா அடுக்குகளையும் எழுதிக்கொண்டு, எவை வழக்கில் உள்ளன, எவை வழக்கில் இல்லை என்று பிரித்துக் குறித்தார். இல்லாததையும் ‘இல்லை’ என்று பதிவு செய்த முறை இது. பிற்கால அடைவுகள் மறந்த நேர்மை இதுவே என்பது நம் எண்ணம். 1970களின் தொடக்கத்தில் குவைத் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் அலீ ஹில்மீ மூஸா, மொழியியலறிஞர் இப்ராஹீம் அனீஸின் தூண்டுதலால், ஜவ்ஹரீயின் ‘ஸிஹாஹ்’ அகராதியின் வேர்களைக் கணினியில் இட்டு எண்ணினார். எந்த எழுத்தோடு எந்த எழுத்து சேரும், எது சேராது என்னும் அட்டவணைகள் பிறந்தன. கலீலின் கேள்விக்கு எந்திரம் தந்த விடை என்றே அதைச் சொல்ல வேண்டும்.

குர்ஆனுக்கு முழுமையான அச்சு அடைவு ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் 1842-இல் ஃப்ளூகல் என்பவரால் வந்தது. அதன் பயனையும் பிழைகளையும் நன்கு அறிந்தே அப்துல் பாகீ தம் நூலை அமைத்தார். அதன் சிறப்பைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனமில்லை. இன்றும் நம் மேசையில் இருப்பது அதுவே. எனினும் ஹர்ஃபுகளும் சுட்டுப்பெயர்களும் அதில் இடம்பெறவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப, அதன் நிறைவுப் பகுதி என்று பெயரிட்டே தனியொரு சொல்லடைவு பெய்ரூத்தில் வெளிவர 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்பத்தோர் ஆண்டுகள்! ஹதீஸ் துறையில் வென்ஸிங்க் தொடங்கிய பேரடைவின் கதையும் இதுவே. ஒன்பது ஹதீஸ் தொகுப்புகளை உள்ளடக்கிய அதன் முதல் தொகுதி 1936-இலும் ஏழாம் தொகுதி 1969-இலும் வந்தன. தொடங்கியவர் 1939-இலேயே மறைந்துவிட்டார். ஹர்ஃபுகளும், ஆட்பெயர்களும், ‘சொன்னார்’, ‘வந்தார்’ போன்று அடிக்கடி வரும் வினைகளும் அதில் தேடக் கிடைக்கா என்று மஹ்மூத் அத்தஹ்ஹான் தம் ‘தக்ரீஜ்’ நூலில் மாணவர்களை எச்சரிக்கிறார். ஹதீஸின் மூலத்தை அதன் சொல் வழியே தேடுவோர் அரிதாக வழங்கும் சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் தரும் வழி. கேம்பிரிட்ஜின் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் இதே உண்மையைக் கணக்கியல் வடிவில் எழுதினார்: குறைந்த ஆவணங்களில் வரும் சொல்லுக்கே தேடலில் எடை மிகுதி. இன்றைய தேடல் எந்திரங்களின் அடித்தளங்களுள் ஒன்று அது. தேடிக் கண்டுபிடிக்க இது நல்ல வழி; ஆராய்ந்து அறிய இது போதுமா என்பதே கேள்வி.

இங்கே நாம் இத்தாலிக்குச் செல்ல வேண்டியுள்ளது. கணினியால் ஒரு பேராசிரியனின் எழுத்து முழுவதையும் அடைவு செய்த முதல் பெருமுயற்சி ஒரு கிறித்தவத் துறவியுடையது. இயேசு சபையைச் சேர்ந்த ரொபெர்த்தோ பூஸா, தாமஸ் அக்வினாஸின் எழுத்துகளில் ‘இறை இருப்பு’ என்னும் கருத்தை ஆராய்ந்து 1946-இல் ரோமில் முனைவர் ஆய்வை முடித்தார். ‘இருப்பு’, ‘இருக்கின்ற’ என்று பொருள்படும் லத்தீன் பெயர்களை அவர் முதலில் தேடினார். அவை ஓரத்தில் நிற்பவை என்று கண்டார். அக்வினாஸின் கருத்து உண்மையில் தங்கியிருந்தது ‘இன்’ என்னும் சிறிய முன்னிடைச்சொல்லில். நம் ஏழாம் வேற்றுமை உருபு செய்யும் வேலையைச் செய்யும் சொல் அது. அந்தச் சொல் வரும் தொடர்களைப் பத்தாயிரம் அட்டைகளில் தம் கையாலேயே எழுதினார்.

எந்திர உதவி தேடி அவர் 1949-இல் நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்ததும், இது இயலாத காரியம் என்று கூறப்பட்டபோது, இயலாததைச் செய்யச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும் என்னும் கருத்தில் அந்நிறுவனமே அச்சிட்டிருந்த சுவரொட்டியை எடுத்துக் காட்டியதும் பூஸாவே சொல்லி மகிழ்ந்த கதை. 1951-இல் மாதிரி வெளிவந்தது. பின்னர் கல்லராத்தே நகரில் இளம்பெண்கள் பயிற்றுவிக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் துளையட்டைகளில் லத்தீன் சொற்களைப் பதித்தனர். ஒருவர் பதித்ததை மற்றொருவர் மீண்டும் பதித்துச் சரிபார்ப்பது அங்கே முறை. நம் முன்னோர் பிரதியெடுத்தபின் மூலத்தோடு ஒப்பிட்டு ‘முகாபலா’ செய்ததன் எந்திர வடிவம் அது. அப்பெண்களின் உழைப்பு நெடுங்காலம் பேசப்படாமலே இருந்தது. ஜூலியான் நைஹன் 2023-இல் வெளியிட்ட நூல் அதைப் பேசுகிறது. 1974 முதல் 1980 வரை ‘இண்டெக்ஸ் தோமிஸ்டிகஸ்’ ஐம்பத்தாறு தொகுதிகளாக அச்சேறியது. அதில் அடங்கிய சொற்கள் ஏறத்தாழ ஒரு கோடியே ஆறு லட்சம்.

இதன் பெருமை அளவில் இல்லை. எதையும் எறிந்துவிடாததில் இருக்கிறது. சின்னஞ்சிறு சொல்லிலிருந்து தொடங்கிய ஆய்வாளராதலால், ‘இது அற்பச் சொல், வேண்டாம்’ என்று முன்கூட்டியே தீர்ப்பளிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு சொல்வடிவத்தையும் அதன் தலைச்சொல்லோடு சேர்க்கும் வேலையை எந்திரத்திடம் விட்டுவிடாமல் மனிதர் கண் கொண்டு முடித்தார். முப்பது ஆண்டுகள் ஆனது அதனால்தான்.

பூஸாவின் அடைவுக்கும் எல்லை உண்டு. நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு அதை விளக்கும். அக்வினாஸ் இப்னு ருஷ்தைப் பல இடங்களில் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. ‘உரையாசிரியர்’ என்றே குறிக்கிறார். அரிஸ்டாட்டிலை ‘தத்துவர்’ என்பது போல அது ஒரு பட்டம். இப்னு ருஷ்தின் லத்தீன் பெயரை மட்டும் வைத்துத் தேடுபவர், ஐரோப்பியச் சிந்தனையில் அவருக்கிருந்த இடத்தைக் குறைத்து மதிப்பிட்டு எழுந்துவிடுவார். பட்டத்தை அறிந்தவரே ஆளைக் காண்பார். அந்த அறிவு அடைவிலிருந்து கிடைப்பதன்று. அடைவைத் திறக்கும் முன்பே வேண்டியது.

அதே ஐபிஎம் நிறுவனத்தில் ஹான்ஸ் பீட்டர் லூன் வேறு திசையில் சென்றார். பெருகிவரும் அறிவியல் கட்டுரைகளை விரைவில் அடையாளம் காண வேண்டும் என்பது அவர் நோக்கம். 1958-இல் அவர் அறிமுகம் செய்த முறையில், தலைப்பின் ஒவ்வொரு முக்கியச் சொல்லும் சுற்றியுள்ள சொற்களோடு அகரவரிசையில் நிரலாக நிற்கும். முக்கியமற்றவை என்று கருதப்பட்ட இணைப்புச் சொற்களும் முன்னிடைச்சொற்களும் ஒரு விலக்குப் பட்டியலில் வைக்கப்பட்டு முன்னமே களையப்பட்டன. வேதியியல் கட்டுரைத் தலைப்புகளை 1960களின் தொடக்கத்தில் இம்முறையில் வெளியிட்டபோது வேதியியலாளர் மகிழ்ந்தனர். அவர்களுக்கு வேண்டியது பொருள்களின் பெயர், அதில் தவறில்லை. தவறு நேர்ந்தது, அந்தச் சிக்கனம் எல்லாத் துறைக்கும் உரிய இயல்பான முறையாகக் கருதப்பட்டபோது. நினைவகமும் காகிதமும் விலையுயர்ந்திருந்த காலத்தின் ஏற்பாடு, விலை குறைந்த பின்னும் வழக்கமாகவே நின்றுவிட்டது.

அற்பமென்று விலக்கிய சொற்கள்தான் ஓர் ஆசிரியனைக் காட்டிக்கொடுக்கும் என்பதை மாஸ்டெல்லர், வாலஸ் என்னும் இரு அமெரிக்கப் புள்ளியியலாளர் 1964-இல் நிறுவினர். அமெரிக்க அரசமைப்பை ஆதரித்துப் புனைபெயரில் எழுதப்பட்ட எண்பத்தைந்து ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளுள் பன்னிரண்டு ஹாமில்டனுடையவையா மேடிசனுடையவையா என்னும் வழக்கு நெடுநாள் நீடித்தது. பேசுபொருளைக் கொண்டு தீர்க்க முடியவில்லை. இருவரும் ஒரே பொருளை எழுதினர். ‘மேல்’ என்று பொருள்படும் ஆங்கில ‘அபான்’ போன்ற சிறு சொற்களை எண்ணினார்கள். ஹாமில்டன் அதைத் தாராளமாகப் பயன்படுத்துபவர். மேடிசன் அரிதாகவே எழுதுபவர். பன்னிரண்டும் மேடிசனின் பக்கம் சாய்ந்தன. விலக்குப் பட்டியலோடு வேலை தொடங்கியிருந்தால் அந்தத் தடயமே கிட்டியிராது.

இதே காலத்தில் நம் மரபில் ஒருவர் கணினியின்றியே பூஸாவின் பாதையில் நடந்துகொண்டிருந்தார். அஸ்ஹரில் பயின்ற முஹம்மத் அப்துல் காலிக் உளைமா, குர்ஆனின் நடை பற்றிய தம் ஆய்வைப் பதினொரு தொகுதிகளில் எழுதினார். அதன் முதற் பகுதியை அவர் ஒதுக்கியது ஹர்ஃபுகளுக்கே. ஒவ்வோர் ஹர்ஃபும் வரும் இடங்களைத் திரட்டி, இலக்கணிகள் வகுத்த விதிகளை அவற்றோடு உரசிப் பார்த்தார். ‘இப்படி வழக்கில் இல்லை’ என்று இலக்கண நூல் சொன்ன சில வடிவங்கள் குர்ஆனிலேயே இருப்பதை எடுத்துக் காட்டவும் அவர் தயங்கவில்லை. பல்லாண்டு உழைப்பு, தனி மனிதர், பேனாவும் தாளும். பூஸாவின் பெயர் இன்று கணினியியல் வரலாற்றின் முதல் பக்கத்தில் நிற்கிறது. உளைமாவின் பெயரை நம் அரபுக் கல்லூரிகளிலேயே எத்தனை பேர் அறிவர்?

அரபு உலகில் கணினி மொழியோடு உண்மையாகப் போராடியது 1980களில். குவைத்தில் முஹம்மத் அஷ்ஷாரிஃக் 1982-இல் தொடங்கிய ‘ஸஃக்ர்’ நிறுவனம் அந்தப் பதின்மத்தின் நடுவிலேயே குர்ஆன் தேடல் நிரலை வெளியிட்டது. விமானப் பொறியியலிலிருந்து மொழியியலுக்கு வந்த நபீல் அலீ, ஒட்டியிருக்கும் முன்னெழுத்தையும் பின்னெழுத்தையும் பிரித்து வேரைக் காணும் ஆய்வு நிரலுக்காக அங்கே பாடுபட்டார். அரபு மொழியும் கணினியும் பற்றிய அவரது நூல் 1988-இல் வந்தது. வட இந்தியாவின் மவ் நகரில் பிறந்த முஹம்மத் முஸ்தஃபா அல்அஃஸமீ, ஹதீஸைக் கணினிக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர். 1980-இல் ஃபைஸல் விருது பெற்ற அவர், இப்னு மாஜாவின் ‘ஸுனன்’ தொகுப்பைக் கணினியின் துணையோடு பதிப்பித்தார். நபீல் அலீயும் அல்அஃஸமீயும் எந்திரத்தை வேலையாளாக வைத்தவர்கள். நீதிபதியாக அமர்த்தியவர்கள் அல்லர்.

நீதிபதியாக அமர்த்தியவரும் உண்டு. எகிப்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த வேதியியலாளர் ரஷாத் கலீஃபா, குர்ஆனின் எழுத்துகளைக் கணினியில் எண்ணி, 19 என்னும் எண்ணே அதன் கட்டமைப்பு என்று 1974-இல் அறிவித்தார். கணினி சொன்னது என்றவுடன் பலர் வியந்தனர். ஆனால் கணினி எதைச் சொன்னது? ஹம்ஸாவை அலிஃபாகக் கொள்வதா, எழுதப்படாமல் ஒலிக்கும் அலிஃபை எண்ணுவதா, அத்தியாயத் தொடக்கங்களின் பிஸ்மில்லாஹ்வைச் சேர்ப்பதா என்ற முடிவுகள் எல்லாம் எண்ணிக்கைக்கு முன்னரே மனிதர் எடுத்தவை. இறுதியில் கணக்கு ஒத்துவராதபோது, கணக்கை விடுவதற்குப் பதிலாக, அத்தவ்பா அத்தியாயத்தின் கடைசி இரு வசனங்களும் குர்ஆனைச் சேர்ந்தவையல்ல என்று கூறத் துணிந்தார். முஸ்லிம் அறிஞர் உலகம் அதை ஒருமனதாக நிராகரித்தது. அடைவாளர்கள் சிறு சொற்களை விலக்கினார்கள். இவர் மூலத்தையே விலக்கினார். இரண்டும் ஒரே அளவிலான குற்றமல்ல. எனினும், முன்முடிவைப் பட்டியலுக்குள் ஒளித்துவைப்பது இரண்டிலும் உள்ளது.

இன்றைய நிலைமை மாணவருக்குச் சாதகமானதே. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கைஸ் டியூக்ஸ் 2009 முதல் உருவாக்கிய குர்ஆன் சொற்றொகுதி 77,430 சொற்களையும் உறுப்பு உறுப்பாகப் பிரித்து வைத்துள்ளது. தன்னார்வலர் பலர் பிழை சுட்டித் திருத்தியது அது. ஒட்டி நிற்கும் ‘பா’வை அதில் தனியாகவே காணலாம். அப்துல் பாகீயில் இல்லாததும், எழுத்துச் சரத் தேடலில் அகப்படாததும் அங்கே உண்டு. மாணவருக்கு அதைக் காட்டினோம். அல்மாயிதாவின் ‘பா’வும் அல்இன்ஸானின் ‘பா’வும் ஒரே நிறத்தில், ஒரே குறிப்போடு நின்றன. தயம்மும் பற்றிய வாசகத்தில் முகத்துக்கு முன் நிற்கும் ‘பா’வும் அவற்றோடு இருந்தது. அதே வினை, அதே எழுத்து. ஆயினும் அங்கே முகம் முழுவதையும் தடவ வேண்டும் என்பதால், முழுத் தலை என்போர் தம் கட்சிக்குக் காட்டும் சான்று அதுவே. மூன்றையும் ஒன்றாகக் கண்ட மாணவரின் முகம் மலர்ந்தது.

பிறகு அவர் குறிப்பைப் படித்தார். மூன்றுக்கும் ‘முன்னிடைச்சொல்’ என்று மட்டுமே எழுதியிருந்தது. ஹிஜ்ரி 761-இல் மறைந்த இப்னு ஹிஷாம் தம் ‘முஃக்னில் லபீப்’ நூலில் ‘பா’வுக்குப் பதினான்கு பொருள்களை எண்ணுகிறார், முதலாவது ஒட்டுதல், பகுதிப்பொருளும் அவற்றுள் ஒன்று. மாணவர் எழுந்து இலக்கண அலமாரியை நோக்கிச் சென்றார். கணினியை அவர் அணைக்கவில்லை.